விரல் சூப்பும் குழந்தைக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்

கருவில் இருக்கும்போதே பல குழந்தைகள் விரல் சூப்புகின்றன, ஸ்கேனில் பார்க்கலாம். பிறந்த பிறகும் அது இயல்புதான். கை வாய்க்குப் போனால் முதலில் பசியா என்று பாருங்கள். பால் குடித்து முடித்தும் சூப்பினால் தூக்கம் வருகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்காகக் கையைத் தட்டிவிட வேண்டாம்.

பென்னாகரம், அரூர் பக்கம் கொல்லைமேட்டில் வேப்பமரம் இருக்கும். சூப்புவதை நிறுத்த விரலில் வேப்பெண்ணெய் தடவிவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததை 1981-லேயே மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். தெரியாமல் உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். மிளகாய்த் தூளும் ஆகாது. அந்த விரலாலேயே குழந்தை கண்ணைக் கசக்கும்.

தவழும் வயதில் களத்து மண்ணும் கேழ்வரகு உமியும் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும், விரல் சூப்பும்போது வாய்க்குள் போகும். வாரம் ஒருமுறை, தூங்கும்போது நகம் வெட்டி, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். ஒரு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை தருவார்கள், தவறவிடாதீர்கள்.

விரல் சூப்பும் பழக்கம் பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் தானாக நின்றுவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால் முன்பற்கள் துருத்தலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாலு பேர் முன்னால் கேலி செய்தால் ஏக்கம்தான் கூடும். கைக்கு ஒரு மரச்சொப்பு கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.