கழிவுநீர் நாற்றம்: தரையை உடைக்கும் முன்

பேரேட்டில் கணக்கு ஒத்துவராவிட்டால் நாம் ஏட்டையே தூக்கி எறிவதில்லை. ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்துப் பிழை இருக்கும் பக்கத்தை அடைகிறோம். வீட்டிற்குள் கழிவுநீர் நாற்றம் வீசும்போது மட்டும் அந்தப் பொறுமையை இழந்து, தரையை உடைக்கத் துணிந்துவிடுகிறோம்.

நாம் முன்பு பணியாற்றிய கிளை ஒன்றின் ஆவண அறையில் இத்தகைய நாற்றம் வீசியது. தரையை உடைத்துக் குழாயை மாற்றப் பெருந்தொகைக்கு மதிப்பீடும் வந்தது. பணிக்காக இரும்பு அலமாரிகளை நகர்த்தியபோது, ஒன்றின் அடியில் மறந்துபோன தரை வடிகால் ஒன்று தென்பட்டது. அதில் ஒரு வாளி நீர் ஊற்றினோம். மறுநாள் நாற்றம் இல்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு வடிகாலின் கீழும் 'டிராப்' எனப்படும் வளைவு உண்டு. அதில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழத்திற்கு நீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர் இவ்வளைவுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே, நாற்றத்தின் மூலத்தைத் தேடுவது பெரும்பாலும் இந்த நீர்த்தடை எங்கே குலைந்தது என்று தேடுவதே ஆகும்.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம். பயன்படுத்தாத குளியலறை, பால்கனி ஆகியவற்றின் வடிகால்கள் ஒவ்வொன்றிலும் நீர் ஊற்றி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அடுத்து, கைகழுவும் தொட்டியின் கழிவுக்குழாய் தரைக்குழாயில் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் ரப்பர் வளையமோ சிலிக்கோன் பசையோ போதும். பிறகு கழிப்பறைப் பீங்கான் அசைகிறதா, ஏ.சி. நீர்க்குழாய் நேரே சாக்கடைக் குழாயில் இணைக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும்.

மேல்மாடியில் நீர் திறந்துவிடும்போது நம் வடிகாலில் 'களகள' ஓசை எழுந்தால், மொட்டைமாடிக்குச் செல்லும் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதனால் வளைவில் உள்ள நீர் உறிஞ்சப்படுகிறது.

இவற்றிற்குப் பின்னும் ஐயம் நீடித்தால், இரவில் எல்லா வடிகால் வாய்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிட்டு, காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகராமல் அருகில் நின்று கவனிக்கலாம். ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். எனவே வெளியே சென்று வந்தவரே சரியாகச் சொல்வார். அதிலும் புலப்படாவிட்டால், குழாயில் புகை செலுத்திக் கசிவைக் காணும் சோதனையைத் தேர்ந்த பிளம்பரிடம் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகுந்தால் முகரும் ஆற்றலையே மரக்கச் செய்யும். நாற்றம் மறைந்தது என்பது பாதுகாப்பு ஆகாது. கழிவுநீர்த் தொட்டியருகே நெருப்பு கூடாது. தொட்டியைத் தூய்மை செய்ய எவரையும் உள்ளே இறக்கவும் கூடாது. பாதுகாப்புக் கருவிகளின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திர வண்டியை அழைப்பதற்கு ஆகும் கட்டணம் ஓர் உயிரின் முன் பொருட்டே அன்று.

வீட்டுக்கடன் பெற்றுப் பழைய வீடு வாங்குவோர், பத்திரத்தைப் பார்ப்பதுபோல் வடிகால்களையும் பார்ப்பது நன்று. அதற்கு ஒரு வாளி நீர் போதும்.