கிளவுட் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு எட்டு அறிவுரைகள்

கம்பெனியின் சர்வர் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. "எல்லாரும் கிளவுடுக்குப் போகிறார்கள், நாமும் போய்விடலாமா?" என்று முதலாளி ஒருநாள் கேட்கத்தான் போகிறார். தலையாட்டுவதற்கு முன்னால் இவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள். சர்வர் அறையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

1. முதலில் வேலைகளைப் பட்டியல் போடுங்கள்.
கணக்கு, சம்பளம், மின்னஞ்சல், இணையக்கடை, பழைய ஆவணங்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்குவோம்? தகவல் கசிந்தால் யாருக்குப் பாதிப்பு? வேலைப்பளு ஒரே சீராக இருக்குமா, தீபாவளிக்கு மட்டும் எகிறுமா? ஒவ்வொரு வேலைக்கும் பதில் வேறாக வரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வகை கிளவுடில் திணிக்க முடியாது.

2. இரண்டு வகைப்பாடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.
அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறையைத்தான் இன்றும் எல்லாரும் கையாள்கிறார்கள். யாருக்காக நடக்கிறது என்று பார்த்தால் நான்கு: யாரும் வாடகைக்கு எடுக்கக்கூடியது பப்ளிக், ஒரே நிறுவனத்துக்கு மட்டுமானது பிரைவேட், ஒரே மாதிரி தேவை உள்ள சில நிறுவனங்களுக்கானது கம்யூனிட்டி, இவற்றில் இரண்டையோ மேலாகவோ இணைத்தது ஹைப்ரிட். எவ்வளவு வேலையை அவர்கள் பார்க்கிறார்கள் என்று பார்த்தால் மூன்று: வெறும் மெஷின் தருவது ஐயாஸ், மெஷினோடு டேட்டாபேஸ் போன்றவற்றையும் பராமரித்துத் தருவது பாஸ், மென்பொருளையே முழுசாகத் தருவது சாஸ். விற்பனையாளர் "பிரைவேட் கிளவுட் சார்" என்று சொன்னால், பாதிதான் சொல்லியிருக்கிறார். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் போடுவது யார் என்று கேளுங்கள், மீதி வெளியே வரும்.

3. எல்லாருக்கும் பொதுவான வேலைக்கு சாஸ் போதும்.
இருபது பேர் உள்ள அலுவலகம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்து ஸ்பாமோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், நம் ஊர் ஜோஹோ என்று பல இருக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சோதனைக் கணக்கில் கொஞ்சம் தரவை ஏற்றி, அதை மொத்தமாக வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க வழியில்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

4. ஏறி இறங்கும் வேலைக்கு பப்ளிக் கிளவுட்.
அமேசான் 2006-ல் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும் இசி2 என்ற சர்வர் வாடகைச் சேவையையும் தொடங்கியபோது, பயன்படுத்திய அளவுக்கு மட்டும் காசு என்ற பழக்கம் பரவியது. விழாக்கால வாரத்தில் பத்து சர்வர், அடுத்த வாரம் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஓடும் வேலைக்கு இந்த லாபம் கிடைக்காது. நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் அமேசான் கிளவுடுக்கு முழுமையாக மாறி முடித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் டிராப்பாக்ஸ் தன் சேமிப்பில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து எடுத்துச் சொந்த டேட்டா சென்டர்களில் வைத்து, இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்தது. இரண்டுமே சரியான முடிவுதான். வேலை வேறு, கணக்கு வேறு.

5. ஆள் இல்லாமல் பிரைவேட் கிளவுட் கட்டாதீர்கள்.
வங்கி, பெரிய மருத்துவமனை போன்ற இடங்களில் அதற்குத் தேவை உண்டு. ஆனால் யுபிஎஸ், ஏசி, உதிரி டிஸ்க், இரவுப் பணிக்கு ஆள் எல்லாம் உங்கள் செலவு. லைசென்ஸும் நிலையானது அல்ல. பிரைவேட் கிளவுட் கட்டப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது. மூன்று ஆண்டு பட்ஜெட் போட்டிருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று.

6. தரவு எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள்.
பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் உத்தரவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. தரவை இங்கேயே வைக்க இடம் உண்டு. அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத், கூகுளுக்கு மும்பை, டெல்லி, மைக்ரோசாப்டின் அஸ்யூருக்கு நம் சென்னை உட்பட ரீஜன்கள் உள்ளன. மெஷின் சென்னையிலும் பேக்கப் சிங்கப்பூரிலும் இருந்துவிடப் போகிறது, இரண்டையும் பாருங்கள். கொஞ்சம் அலுவலகத்தில், கொஞ்சம் கிளவுடில் என்று ஹைப்ரிட் போட்டால், அலுவலகத்துக்கும் கிளவுடுக்கும் நடுவே வேறுவேறு கம்பெனிகளின் இரண்டு இணைப்புகள் வாங்குங்கள். ஒரே ஒயரை நம்பிய ஹைப்ரிட், ரோடு தோண்டும் அன்றைக்குப் படுத்துவிடும்.

7. மாதாமாதம் பில்லை வரிவரியாகப் படியுங்கள்.
அஸ்யூரில் மெஷினுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் வாடகை நிற்காது. போர்ட்டலில் போய் நிறுத்தி, "டீஅலோகேட்டட்" என்று வந்தால்தான் நிற்கும். அப்போதும் டிஸ்குக்கு வாடகை ஓடும். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட், மாதத்துக்குச் சுமார் 3.6 டாலர். யாரோ சோதனைக்கு எடுத்துவிட்டு மறந்த இருபது முகவரிகள் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தரவை வெளியே எடுக்கும் கட்டணம் தனி வரியில் இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் எந்தத் துறை, யார் பொறுப்பு என்று டேக் போட்டுவிட்டால் இந்தக் காவல் வேலை பாதியாகக் குறையும்.

8. எந்த வகை எடுத்தாலும் பேக்கப் உங்கள் பொறுப்பு.
2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்குக் கூகுள் கிளவுடில் இருந்த பிரைவேட் கிளவுட், ஒரு கான்ஃபிகரேஷன் பிழையால் அழிந்துபோனது. ஒன்று போனால் இன்னொன்று என்று வேறு இடத்தில் வைத்திருந்த நகலும் கூடவே போயிற்று. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. ஆகவே ஒரு நகலாவது வேறு கம்பெனியில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் உள்ள 99.9 சதவீத உத்தரவாதத்தையும் பெரிதாக நம்பாதீர்கள். அதன்படியே மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம். அதற்கு மேல் நின்றாலும் கிடைப்பது பில்லில் கொஞ்சம் கழிவு, உங்கள் வியாபார நஷ்டத்துக்கு ஈடு அல்ல.

எட்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலாவதையும் கடைசியையும் இந்த வாரமே தொடங்குங்கள். பட்டியலைப் போடுங்கள், பிறகு ஏதாவது ஒரு பேக்கப்பை எடுத்து, வேறு மெஷினில் ஏற்றி, போன மாதக் கணக்கு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை முதலாளியிடம் "இருக்கிறது" என்று சொல்லாதீர்கள்.