பதிவு விட்டுப்போன பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்

முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்து டி.சி. காப்பாற்றிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், நாளைக்கு அரசு வேலை என எதற்கும் அவர்களின் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தச் சான்றிதழ் ஒன்றுதான்.

எங்கே போவது? குடியிருக்கும் ஊருக்கல்ல, பிள்ளை பிறந்த ஊருக்கு. வீடு கந்தர்வகோட்டையில், பிரசவம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் என்றால் பதிவும் தஞ்சாவூரில்தான். இது தெரியாமல் உள்ளூர் வி.ஏ.ஓ.விடம் நடையாய் நடந்து கூலியை விடாதீர்கள். கிராமத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் மட்டும் அவர்தான் பதிவாளர்.

21 நாளுக்குள் பதிவு இலவசம். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என மூன்று கோட்டங்கள். பதிவேட்டில் இந்தப் பிறப்பு இல்லை என்ற சான்றைப் பதிவாளரிடம் முதலில் வாங்குங்கள். அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். கூடவே டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, உங்கள் ஆதார். தடுப்பூசி அட்டை தொலைந்ததா? கர்ப்பகாலத்தில் தந்த பிக்மி எண்ணோடு கிராம செவிலியரைப் பாருங்கள். ஒரு தாளில் முத்துலெட்சுமி, இன்னொன்றில் முத்துலட்சுமி என்றிருந்தாலே விசாரணை இழுக்கும்.

அடுத்து, “அப்பா கையெழுத்து எங்கே?” என்பார்கள். கூசிப்போய் நிற்க வேண்டாம். மணமாகாத தாயோ, தனியாக வளர்க்கும் தாயோ பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6-ல் சொல்லிவிட்டது. 2018-ல் திருச்சித் தாய் ஒருவரின் வழக்கில், தந்தை பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. புதுக்கோட்டையும் அந்தக் கிளைக்கு உட்பட்டதுதான். மனுவிலேயே இரண்டு தீர்ப்பையும் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சை விட அது வேலை செய்யும்.

சான்றிதழ் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதுச் சான்று இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம்.

புரோக்கருக்குப் பணம் தண்டம். பெண்கள் யாராயிருந்தாலும், வருமானம் எவ்வளவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசம். 15100-க்குப் பேசினால் போதும். மனு கொடுத்த இடத்தில் தேதி முத்திரையோடு ரசீது வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.