நிறமும் பதிவும்

ஏட்டை நோக்குங் கண், அதிலுள்ள யாவற்றையும் ஒருங்கே பற்றுவதில்லை. வேறுபட்டு நிற்பதையே முதலிற் பற்றும். இதனைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். எகிப்திய எழுத்தர் பப்பைரசுச் சுருள்களிற் கறுப்பு மையால் எழுதிச் செல்லுங்கால், தலைப்புக்களையும் புதிய பகுதிகளின் தொடக்கங்களையும் சிவப்பு மையாற் பொறித்தனர். நம் முன்னோரின் பனையோலைக்கோ அவ்வசதி வாய்த்திலது. எழுத்தாணியாற் கீறி மை தடவிய ஓலையில் எல்லா எழுத்தும் ஒரு நிறமே. ஆதலின், மூலம் எது, உரை எது எனப் பிரித்தறிதற்கு ஏடுகளைப் பதிப்பித்தோர் பெரிதும் உழைக்க வேண்டியதாயிற்று.

இன்று கணினியில் அமையும் பதிவேடுகளுக்கு நிறத்தின் துணை குறைவின்றி உண்டு. பழைய மாணவர் பதிவேடொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நிரை. பெயர், சேர்ந்த ஆண்டு, முகவரி என்பவற்றுக்குத் தனித்தனி நிரல். சந்தா செலுத்தியோர்க்குப் பச்சை, முகவரி அறியப்படாதோர்க்கு மஞ்சள், மறைந்தோர்க்குச் சாம்பல் என நிறமூட்டின், ஆயிரம் பெயரிடையேயும் நாடிய பெயர் எளிதிற் கண்ணிற் படும். எக்செல் என்னும் மென்பொருளின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், நிறத்தைக் கொண்டே பதிவுகளை வரிசைப்படுத்தவும் தெரிந்தெடுக்கவும் இயலும்.

எனினும், நிறம் பொருளைச் சுட்டுங் குறி மாத்திரமே என்பதை நாம் மறத்தலாகாது. மஞ்சள் எதனைக் குறிக்குமென்பதை அதனை இட்டவர் அறிவார். அவருக்குப் பின் பொறுப்பேற்பவர் எங்ஙனம் அறிவார்? கறுப்பு வெள்ளையிற் படியெடுப்பின், இளம்பச்சையுஞ் சாம்பலும் ஒன்றாய்த் தோன்றும். எல்லார் கண்ணும் ஒரு தன்மையதுமன்று. விஞ்ஞானி ஜோன் டாற்றன் தம் கண்ணுக்குச் சில நிறங்கள் வேறுபட்டுத் தோன்றாமையை 1794இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். வட ஐரோப்பிய வழிவந்த ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இடர்ப்படுவர் என்பர். நிறத்தை மாத்திரம் நம்பிய பதிவேட்டில், மறைந்தவர் இல்லத்துக்குச் சந்தா கேட்டு மடல் செல்லும். உயிரோடிருப்பவரோ தேடுவாரின்றி விடுபடுவார்.

ஆதலின் மாணவர் கொள்ளத்தக்க விதிகள் மூன்று.

முதலாவது, சொல் முன்னும் நிறம் பின்னுமாக அமைதல். ‘நிலை’ என ஒரு நிரல் வகுத்து, அதில் ‘முகவரி இல்லை’ எனச் சொல்லால் எழுதுக. அச்சொல்லுக்கேற்ப நிறம் தானே அமையுமாறு கணினிக்கு நிபந்தனை விதித்தல் கூடும். முகவரி கிடைத்ததுஞ் சொல்லை மாற்றினாற் போதும். நிறமும் உடன் மாறும்.

இரண்டாவது, நிறங்கள் நான்கைந்தின் மேற்படாமையும், எழுத்தை மறையாத மென்னிறமாயிருத்தலும். எல்லாம் நிறம்பெறின் எதுவும் தனித்துத் தோன்றாது.

மூன்றாவது, நிறங்களின் பொருளை ஏட்டின் தலைப்பிலேயே எழுதிவைத்தல்.

போராலும் புலப்பெயர்வாலும் எம்மவர் பலர் திசைதோறுஞ் சிதறினர். பதிவேட்டில் மஞ்சளாய் நிற்கும் ஒவ்வொரு நிரையும், தேடப்படவேண்டிய ஒருவர் உளர் என்பதை அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு அடுத்த தலைமுறைக்கும் விளங்குமாறு சொல்லால் எழுதிவைத்தல் பதிவாளரின் கடனாம்.