கடைசி மேஜைக்கு ஏன் கேஸ் வரல?

பேர் 'வ'வில் ஆரம்பிக்கிறவங்க கஷ்டம் 'அ'காரர்களுக்குத் தெரியாது. வேதியியல் லேப்ல எனக்கு எப்பவும் கடைசி மேஜைதான். பன்னிரண்டு பர்னரும் எரியும்போது என் பர்னர் மட்டும் மஞ்சளாக மினுங்கும், சோதனைக்குழாய் கரி பிடிக்கும். சுடர் சோதனையில் தாமிரத்தின் பச்சை எனக்குத் தெரியவே இல்லை. உப்பைத் தப்பாக எழுதினேன், மார்க் போச்சு. பொதுத்தேர்வு செய்முறைக்கும் இதே மேஜைதானே என்று பயம் வந்தது. சாரிடம் சொன்னேன். "புது ரெகுலேட்டர் வாங்கலாம். என்ன சைஸ்னு நீயே கணக்குப் போட்டுட்டு வா" என்றார்.

சைஸ் என்றதும் நான் அழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. சிலிண்டருக்குள் காற்றழுத்தத்தைப் போல பல மடங்கு அழுத்தம் இருக்கும். அதை ரெகுலேட்டர் 30 மில்லிபாராகக் குறைக்கிறது. ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரத் தண்ணீர். ஆக, நம்ம பையில் இருக்கும் ஸ்கேல் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம், அவ்வளவுதான்! சின்ன ரெகுலேட்டரும் 30, பெரிய ரெகுலேட்டரும் 30. வித்தியாசம், அந்த 30ஐ விடாமல் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் தர முடியும் என்பதில்தான். எங்க பழைய ரெகுலேட்டரில் தேய்ந்துபோன எழுத்தில் மணிக்கு 0.6 கிலோ என்று இருந்தது.

அப்போ லேபுக்கு எவ்வளவு வேணும்? மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு இரவல் வாங்கி, சிலிண்டரை அதன்மேல் நிறுத்தி, பன்னிரண்டு பர்னரையும் ஒரு மணி நேரம் எரியவிட்டோம். 760 கிராம் குறைந்தது. பர்னருக்கு 63 கிராம் என்று பெருமையாக நோட்டைக் காட்டினேன். சார் சிரித்தார். "அரைவயிறு சாப்பிட்டவனை அளந்து, பந்திக்கு அரிசி போடுவியாடா?"

அப்புறம்தான் உறைத்தது. கேஸ் பத்தாமல் எரிஞ்ச பர்னரைத்தான் அளந்திருக்கிறேன்! மறுநாள் நாலு பர்னர் மட்டும். எல்லாம் நல்ல நீலச்சுடர். 320 கிராம் குறைந்தது. ஆக ஒரு பர்னரின் உண்மையான பசி 80 கிராம், பன்னிரண்டுக்கும் 960 கிராம். (சமையல்கட்டில் இந்தக் கணக்குக்கு 'எல்லா அடுப்பும் எப்போதும் சேர்ந்து எரியுமா?' என்று கேட்டுக் குறைக்கலாம். தேர்வன்று எல்லாரும் சேர்ந்துதான் பற்றவைப்போம். அதனால் நான் குறைக்கவில்லை.)

ஆனால் குற்றவாளி ரெகுலேட்டர்தானா, இல்லை நீளமான குழாயா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கையும் 40 செ.மீ.க்கு மேல் இருக்கும்படி யு வடிவக் கண்ணாடிக் குழாய் எடுத்து, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றினோம். ஒரு பக்கம் 15 இறங்கினால் மறுபக்கம் 15 ஏறும், வித்தியாசம் 30. சாரும் லேப் அண்ணனும் பக்கத்தில் நின்றார்கள், சோப்புத் தண்ணீரால் கசிவு பார்த்தார்கள். தயவுசெய்து யாரும் இதை வீட்டில் செய்யாதீங்க.

ஒரே பர்னர் எரிந்தபோது ரெகுலேட்டர் பக்கத்தில் 30, கடைசி மேஜையிலும் கிட்டத்தட்ட 30. பன்னிரண்டும் எரிந்தபோது ரெகுலேட்டர் பக்கத்தில் 21, கடைசி மேஜையில் 17. ரெகுலேட்டரிலேயே 9 செ.மீ. போச்சு, குழாயில் 4 மட்டும். பெரிய திருடன் ரெகுலேட்டர்தான்.

960ஐ அப்படியே வாங்கக் கூடாதாம். கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோவுக்கு 80 கிலோ கலோரிக்கு மேல்! அதனால்தான் சிலிண்டர் வியர்க்கிறது. குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும், ரெகுலேட்டர் தரும் அளவும் குறையும். ஆக, கால் பங்கு கூட்டி 1.2 கிலோ என்று எழுதினேன். கடையில் 1, 1.5, 4 என்று மூன்று இருந்தது. "நாலே வாங்கிடலாமே சார், பெருசா இருந்தா நல்லதுதானே?" என்றேன். இல்லையாம். பெரியதன் துளை அகலம். ஒரே பர்னர் எரியும்போது அதன் வால்வு மயிரிழைதான் திறக்க வேண்டியிருக்கும். நிலையாக நிற்காமல் திறந்து திறந்து மூடும், சுடர் படபடக்கும். 1.5 வாங்கினோம்.

மாட்டியபின் மறுபடி அளந்தோம். பன்னிரண்டும் எரிய, ரெகுலேட்டர் பக்கத்தில் 29. கடைசி மேஜையில் 23½. என் சுடர் நீலம்! தாமிரப் பச்சையும் தெரிஞ்சது. ஆனால் குழாயில் போகும் இழப்பைப் பாருங்க. முன்பு 4, இப்போ 5½. குழாய் அதேதான், கேஸ் ஓட்டம்தான் கூடியிருக்கு. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும் என்றார் சார். அடுத்து பிளஸ் ஒன் பசங்க அந்தக் குழாயை அளக்கப் போறாங்க. யு குழாயை லேப் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், மை மட்டும் புதுசா ஊற்றிக்கோங்க.

— பிளஸ் டூ, 'ஆ' பிரிவு, கடைசி மேஜை