ஜிமேட் தேர்வும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்

வணிக மேலாண்மை மேற்படிப்புக்கான ஜிமேட் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கு அன்பர்கள் சிலர் பழைய பயிற்சி நூல்களை வழங்கி வருகின்றனர். மிக்க நன்றி. ஆனால் 2023 நவம்பரில் தேர்வு புதிய வடிவம் பெற்றது. வாக்கியப் பிழை திருத்தமும் கட்டுரையும் நீங்கின. பழைய நூல்களின் இலக்கணப் பகுதியை மனப்பாடம் செய்வது இன்று வீண் உழைப்பு.

மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 வினாக்கள். சோதிக்கப்படுவது வாதத்தைப் பிரித்தறியும் திறன். வகுப்பில் இப்படிக் கேட்பேன்: "அன்னதானத்திற்கு வருவோர் கூடினர், ஆகவே பக்தி பெருகியது." சொல்லாமல் விட்ட அனுமானம் எது? பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துவிடுவார்கள்: பந்திக்கு வருவோரெல்லாம் பக்தியால்தான் வருகிறார்களாம்! தமிழில் பிடிபட்ட பின் அதே வாதத்தை ஆங்கிலத்தில் கொடுப்பேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுவாயை அடுத்து வரும். நம் பிள்ளை வாக்கிய முடிவு வரை காத்திருந்து நேரத்தை இழக்கிறது. ஆகவே ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தில் எழுவாயையும் வினையையும் முதலில் அடிக்கோடிடப் பழக்குகிறேன். நாளுக்கு ஒன்று போதும்.

நூல் வழங்க விரும்பும் அன்பர்கள், புதிய வடிவத்துக்குரிய பதிப்புதானா என்று பார்த்து வாங்கித் தரவும். பழையவற்றின் வாதப் பயிற்சிகளை நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம்.