மேரி கோமின் புகழ்: ஓர் ஆராய்ச்சி

புகழ் வேறு, பொருள் வேறு என்பதைப் பந்தலூராருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டையொட்டி இம்மலைகளிற் பொன் மலிந்துள்ளதென்ற பேச்சு எழுந்தது. இலண்டனிற் பல கம்பெனிகள் தோன்றின; பெருமுதல் திரண்டது. போதிய பொன் கிட்டாமையாற் சில ஆண்டுகளுக்குள் அவை கலைந்தன. ஆதலின் எப்புகழையும் உரைத்துப் பார்த்தே ஏற்பது நமக்குத் தகும். மணிப்பூர் மலைநாட்டில் உழவர் குடியிற் பிறந்த குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம், தலைமுறைகள் போற்றும் காவியப் புகழுக்கு உரியரோ என்பதை இங்கு ஆராய்வாம்.

முதற்கண் அவர்தம் வெற்றிகளை நோக்குவோம். உலகப் போட்டிகளில் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளிற் பொற்பதக்கம் பெற்றார். 2001இல் வெள்ளியும் 2019இல் வெண்கலமும் பெற்றார். 2007இல் இரட்டை மக்களை ஈன்று, மறு ஆண்டே மீண்டும் வென்றமை வியத்தற்குரியது.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். பெண்டிர்க்கான உலகப் போட்டி 2001இல்தான் தொடங்கிற்று. தொடக்கத்திற் பொருதவர் சிலரே. ஒலிம்பிக்கில் மேரி பெற்றது ஒரு வெண்கலமே என்பர். அவர்க்கு விடை இது: பெண்டிர் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக்கில் இடம் கிட்டியதே 2012இல், இலண்டனில்தான். அங்கிருந்த மிகக் குறைந்த எடைப்பிரிவு 51 கிலோ. மேரியோ 45, 46, 48 கிலோப் பிரிவுகளில் வென்றவர். தம்மினும் பருத்த உடலினரோடு பொருது பெற்ற அவ்வெண்கலத்தை எளிதென்னலாகாது. போட்டி மிகக் கடுமையான பின்னர், 2018இலும் பொன் வென்றார் என்பதையும் மறத்தலாகாது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. 2019இல், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குச் செல்வாரைத் தெரிவுப் போட்டி நடத்தியே தேர்ந்தெடுக்க வேண்டுமென இளையவரான நிகத் சரீன் கோரினார். டிசம்பரில் நிகழ்ந்த அப்போட்டியில் மேரி 9–1 என வென்றார். ஆயினும் கைகுலுக்காது அகன்றார். வென்றார்க்கு இஃது அழகன்று. இளையார் கேட்டது சலுகையன்று, நியாயமே.

ஆயின் பின்னர் நிகழ்ந்ததை நோக்குமின். மேரியைக் கண்டு ஊக்கம்பெற்று வளர்ந்த அந்நிகத் சரீனே 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் உலகப் பொற்பதக்கம் வென்றார். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம் பெற்றார். ஒருவர் திறந்த வழியில், அவரோடு முரணியவரும் நடந்து உயர்வெய்தினர். பதக்க எண்ணிக்கையைப் பிறரொருவர் ஒருநாள் விஞ்சலாம். வழி திறந்த பெருமையை விஞ்சுதல் அரிது. ஆதலின், குறையுடன் கூடியும் மேரி அப்புகழுக்கு உரியரே என்பது நம் துணிபு.

மாணாக்கர்களே! நம்மூரிற் பொன் தேடியோர் எடுத்துச் செல்ல வந்தனர். அவர் சுவடு அருகிற்று. தேயிலை நட்ட கைகளோ பின்வருவார்க்கு வைத்துச் சென்றன. இன்றும் நம் சரிவுகள் பசுமையாயுள்ளன. ஒருவர் புகழை அளக்கப் புகுமுன், அவர் எடுத்ததை மட்டுமன்றி, வைத்ததையும் எண்ணுமின்.